பொறியியற் செய்நிரற் கருவிகளும் காலங்கடந்த வலையமைப்பும்

தொழில் செய்வானுடைய திறமை ஒருபாற் கிடக்க, அவன் கையாளுங் கருவியின் தகுதியும் அத்தொழிலின் பயனை அறுதியிடுவதாகும். தச்சனுக்கு உளியும் கொல்லனுக்குச் சம்மட்டியும் எத்தன்மையனவோ, அத்தன்மையனவே இக்காலப் பொறியியலாளனுக்குக் கணினி மென்பொருள்களுமாம். அளவைக் கருவிகளினின்றும் தரவு பெறுதற்கும், இயந்திரங்களைக் கட்டுப்படுத்துதற்கும், ஆய்வுகூடங்களிற் பரிசோதனைகளை நடத்துதற்கும் வேண்டிய செய்நிரல்களை ஆக்க உதவும் மென்பொருள்கள் பல இன்று வழக்கில் உள்ளன. இவற்றைப் பொறியியற் செய்நிரற் கருவிகள் என இக்கட்டுரையில் வழங்குவோம். கணித்தலிலும் வரைபடங் காட்டலிலும் இவை ஆண்டுதோறும் வளர்ந்து வருகின்றன. ஆயின், ஒரு கணினி மற்றொரு கணினியோடு பேசுதற்குரிய வலையமைப்புப் பகுதியில் இவற்றுட் பல, பத்தும் இருபதும் ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலையிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டன. இதனால் இவற்றைக் கையாள்வோர் எய்தும் சலிப்புச் சிறிதன்று. இத்தாமதம் எங்ஙனம் நேர்ந்தது, இதனால் விளையுங் கேடு யாது, பரிகாரம் யாது என்பவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையமைப்புக்கு வேண்டிய மூன்று

இரு கணினிகள் தம்முட் பேசுதற்கு இன்றியமையாதன மூன்று. முதலாவது, ஒவ்வொன்றுக்கும் உரிய முகவரி. இரண்டாவது, செய்தி போதற்கும் மறுமொழி வருதற்கும் இடைப்பட்ட காத்திருப்பை ஒழுங்குசெய்யும் முறை. மூன்றாவது, இடைவழியிற் பிறர் ஒற்றறியாமலும் திரித்துவிடாமலும் செய்தியைப் பேணும் காப்பு. தபால் வழக்கிலே விலாசமும், பதிற்கடிதம் வருமளவும் வேறு கருமங்களைக் கவனித்திருத்தலும், உறையின்மேல் இட்ட அரக்கு முத்திரையும் எவ்வாறோ அவ்வாறே இம்மூன்றுமாம். இம்மூன்றினையும் செய்நிரல் எழுதுவோர் எளிதிற் பெறுமாறு ஒரு கருவி அமைத்துக் கொடுக்குமாயின், அது நல்ல வலையமைப்பு ஆதரவு உடையது எனப்படும். பழைய கருவிகள் இம்மூன்றிலும் குறைபாடுடையனவாய் இருத்தலை முறையே காண்போம்.

முதற்கண் சிறிது வரலாறு கூறுதல் பொருத்தமாகும். இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பிலே முதற்செய்தி 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தினின்றும் ஸ்ரான்ஃபோட் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. 1983ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி அவ்வலையமைப்புத் தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு, ரி.சி.பி., ஐ.பி. எனப்படும் புதிய நெறிமுறைகளைக் கைக்கொண்டது. அதே ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தார் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் யுனிக்ஸ் பணிசெயல் முறைமையிலே, செய்நிரல்கள் வலையமைப்பைக் கையாளுதற்குரிய சொக்கெற் என்னும் இடைமுகம் இடம்பெற்றது. இன்றும் பெரும்பாலான கணினிகள் இவ்விடைமுகத்தின் வழியாகவே பேசுகின்றன. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அழியாது நிற்றல் அதனை ஆக்கியோரின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்றாகும். ஆதலின், ஒன்று பழையது என்னும் ஒரே காரணத்தால் அதனைக் குறை கூறுதல் எமது கருத்தன்று என்பதை ஈண்டே தெளிவுபடுத்துகின்றோம்.

முகவரியின் குறை

1981ஆம் ஆண்டு செப்தெம்பரில் வரையறுக்கப்பெற்ற ஐ.பி. நான்காம் பதிப்பில் முகவரி ஒவ்வொன்றும் 32 பிற்று நீளமுடையது. எனவே ஆகக்கூடிய முகவரிகள் 4,294,967,296, அதாவது ஏறத்தாழ 429 கோடியாகும். சில நூறு கணினிகளே இணைந்திருந்த அக்காலத்தில் இத்தொகை எல்லையற்றதெனவே தோன்றியிருக்கும். பின்னர் மனித சமுதாயம் முழுவதும் இணையத்திற் புகத் தொடங்கவே, இது போதாதென்பது புலனாயிற்று. 1995ஆம் ஆண்டு திசெம்பரில் ஐ.பி. ஆறாம் பதிப்பின் வரையறை வெளிவந்தது. இதன் முகவரி 128 பிற்று நீளமுடையது. பெறத்தக்க முகவரிகளின் தொகையோ 39 இலக்கங்கள் கொண்டதோர் எண்ணாகும். உலக முகவரிக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த நான்காம் பதிப்பு முகவரித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி பங்கிட்டுத் தீர்ந்தன. ஆசிய பசுபிக் பிராந்தியத்துக்குரிய பதிவகம் அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலேயே தன் இறுதித் தொகுதியை எய்தியது. ஐரோப்பாவுக்குரிய பதிவகத்தின் கையிருப்பு 2019ஆம் ஆண்டு நவம்பரில் முற்றாகத் தீர்ந்தது.

புதிய முகவரி வரையறுக்கப்பட்டதற்கும் பழைய முகவரி தீர்ந்தமைக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் இருந்தன. அங்ஙனமாகவும் பொறியியற் கருவிகள் ஏன் மாறவில்லை? இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் அலுவலகத்திலே பதிவேடு ஒன்றில் வீட்டிலக்கத்துக்கென நான்கு கட்டங்கள் மாத்திரம் அச்சிடப்பட்டுள்ளன எனக் கொள்வோம். வீட்டிலக்கம் பதினாறு கட்டங்களை வேண்டுமாயின், அந்தப் பதிவேடு மாத்திரமன்று, அதனைப் பார்த்து எழுதப்படும் பற்றுச்சீட்டு, உறை, பெயர்ப்பட்டியல் யாவும் மாறவேண்டும். கணினிச் செய்நிரல்களில் நேர்ந்ததும் இதுவே. எழுத்தில் எழுதும்போது நான்காம் பதிப்பு முகவரி மிகுதியாக 15 குறியீடுகளுள் அடங்கும். ஆறாம் பதிப்பு முகவரிக்கு 39 வரை வேண்டும். பதினைந்து குறியீடுகளுக்கே இடம் ஒதுக்கிய செய்நிரல் புதியதை ஏற்கமாட்டாது. அன்றியும், பழைய வழக்கில் முகவரிக்கும் வாயிலெண்ணுக்கும் இடையே முக்காற்புள்ளி இடப்படும். புதிய முகவரியின் உறுப்புகளே முக்காற்புள்ளியாற் பிரிக்கப்படுவன. எனவே, முகவரி எங்கே முடிகின்றது, வாயிலெண் எங்கே தொடங்குகின்றது என்பதைப் பழைய செய்நிரல் பகுத்தறிய இயலாது மயங்கும்.

இதில் நயமானதொரு செய்தி உண்டு. சொக்கெற் இடைமுகத்தை ஆக்கியோர் முகவரியின் முன்னே அஃது எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று குறிக்கும் ஓர் உறுப்பை வைத்தனர். பிற்காலத்தில் வேறுவகை முகவரிகள் தோன்றினும் அவற்றுக்கும் இடங்கொடுத்தல் வேண்டும் என்பதே அவர்தங் கருத்து. வாயில் திறந்தே இருந்தது. அதன்மேற் செய்நிரல் எழுதியோரும் கருவி ஆக்கியோருமே ஒரு குடும்பத்தை மாத்திரம் கருதி, 32 பிற்று எண்ணைத் தம் செய்நிரலின் மூலை முடுக்கெல்லாம் பதித்துவிட்டனர். குறை அடித்தளத்திலன்று, அதன்மேற் கட்டிய சுவர்களிலேயே உள்ளது.

காத்திருத்தலின் குறை

பெயரைக் கொடுத்து முகவரியைப் பெறுதற்கு அக்காலத்தில் அமைந்த செயற்கூறு 'கெற்-ஹோஸ்ற்-பை-நேம்' என்பது. இஃது எந்தக் குடும்பத்து முகவரி வேண்டும் என்று கேட்டற்கு வழி தருவதன்று. தான் பெற்ற விடையைப் பொதுவானதோர் இடத்திலே வைத்துவிடும். ஒரே செய்நிரலில் இரண்டு பணிகள் ஒருங்கே வினவினால் ஒன்றன் விடையை மற்றொன்றன் விடை அழித்துவிடக்கூடும். அன்றியும், விடை வருமளவும் செய்நிரல் அசைவற்று நிற்கும். இக்குறைகளுட் சிலவற்றை நீக்கி, இருவகை முகவரிகளையும் தரவல்ல 'கெற்-அட்றெஸ்-இன்ஃபோ' என்னும் செயற்கூறு 1990களின் பிற்பகுதியில் தோன்றியது. போசிக்ஸ் எனப்படும் நியமத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலே பழைய செயற்கூறு நீக்கப்பட்டது. எனினும் அதனையே கற்பித்த பழைய பாடநூல்களும், அதனையே உள்ளடக்கிய செய்நிரல்களும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை.

காத்திருத்தல் என்பது பொறியியலில் அற்பமான விடயமன்று. கொதிகலனின் வெப்பநிலையைச் செக்கனுக்குப் பத்துமுறை அளக்கவேண்டிய செய்நிரலொன்று, தொலைவிலுள்ள கணினியொன்றின் மறுமொழிக்காக முப்பது செக்கன் வாளா நிற்குமாயின், முந்நூறு அளவீடுகள் இழக்கப்படும். இது கருதியே மறுமொழிக்குக் காத்திராது வேறு பணிகளைச் செய்துகொண்டு, விடை வந்தவிடத்து மீண்டு கவனிக்கும் முறைகள் ஆக்கப்பட்டன.

சி++ மொழியின் வரலாறு இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது. பொறியியல் உலகிற் பெரிதும் வழங்கும் இம்மொழியின் முதல் அனைத்துலக நியமம் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. வலையமைப்புக்கென ஒரு பகுதி அதில் இல்லை. கிறிஸ்தோபர் கோல்கொஃப் என்பார் 2003ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆசியோ என்னும் செய்நிரல் நூலகம், காத்திராது பேசும் முறையைச் செவ்விதின் அமைத்துக் காட்டிப் பலராலும் ஏற்கப்பட்டது. அதனைத் தழுவிய தொழினுட்ப விவரணம் ஒன்று 2018ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. ஆயினும், ஒருங்கே நிகழும் பணிகளை எந்தப் பொதுமுறையால் நடத்துவது என்பதிலும், காப்பற்ற வலையமைப்பை நியமமாக்குதல் தகுமோ என்பதிலும் அறிஞரிடையே இணக்கம் ஏற்படவில்லை. ஆதலால் 2020ஆம் ஆண்டு நியமத்திலும் 2023ஆம் ஆண்டு நியமத்திலும் அது சேர்க்கப்படவில்லை. இதற்கு மாறாக, 1996ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா மொழி தொடக்கத்திலேயே வலையமைப்புப் பகுதியை உடையதாயிருந்தது. 2002ஆம் ஆண்டின் பதிப்பிலே ஆறாம் பதிப்பு முகவரியையும் ஏற்றது. செவ்வையை நாடிக் காலந்தாழ்த்துதலும் ஒரு குணமே. ஆயின் அத்தாமதத்தின் விலையை ஒவ்வொரு செய்நிரலாளனும் தனித்தனியே செலுத்த வேண்டியதாகின்றது.

காப்பின் குறை

செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எல். என்னும் முறையை நெற்ஸ்கேப் நிறுவனத்தார் 1995ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதன் வழித்தோன்றலாகிய ரி.எல்.எஸ். நெறிமுறையின் முதற்பதிப்பு 1999ஆம் ஆண்டிலும், 1.2ஆம் பதிப்பு 2008ஆம் ஆண்டிலும், 1.3ஆம் பதிப்பு 2018ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகள் கைவிடத்தக்கன என 2021ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இங்ஙனம் காப்புமுறை வளர்ந்துகொண்டே செல்ல, பொறியியற் கருவிகள் பின்னே மெல்ல நடந்தன.

லாப்வியூ என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். 1986ஆம் ஆண்டு மக்கின்ரோஷ் கணினிக்கென வெளிவந்த இக்கருவி, எழுத்துக்களாலன்றிப் படங்களையும் கம்பி போன்ற கோடுகளையும் இணைத்துச் செய்நிரல் ஆக்கும் புதுநெறியை ஆய்வுகூடங்களிற் பரப்பியது. அதன் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயினும், செய்நிரலாளர் தம் ரி.சி.பி. இணைப்பை நேரே ரி.எல்.எஸ். முறையாற் காத்துக்கொள்ளும் செயற்கூறுகள் அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சேர்ந்தன. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மொட்பஸ் என்னும் நெறிமுறையும் அத்தகையதே. 1979ஆம் ஆண்டு மொடிக்கொன் நிறுவனத்தார் வகுத்த இந்நெறிமுறையில் மறைகுறியாக்கமும் இல்லை. கட்டளை இடுவோன் யாவன் என்று வினவும் ஏற்பாடும் இல்லை. வலையமைப்பினுட் புகுந்தோர் எவராயினும் கட்டளை இடலாம். ரி.எல்.எஸ். காப்புடன் கூடிய மொட்பஸ் விவரணம் 2018ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

தாமதத்தின் காரணங்கள்

இத்தாமதத்தை ஆக்குவோரின் சோம்பல் என்று கூறி அமைதல் நேர்மையாகாது. முதலாவதாக, பொறியியற் கருவிகளை வாங்குவோர் மாற்றத்தை விரும்புவதில்லை. மருந்துத் தொழிற்சாலையிலோ விமானச் சோதனைக்கூடத்திலோ ஒரு செய்நிரல் சரியாக இயங்குகின்றது என்று உறுதிப்படுத்தப் பெருஞ்செலவும் நெடுங்காலமும் பிடிக்கும். சிறு மாற்றம் நேரினும் அவ்வுறுதிப்பாட்டை மீளச் செய்தல் வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய செய்நிரல் புதிய பதிப்பிலும் அவ்வாறே இயங்கவேண்டும் என்பதே அவர்தம் முதல் வேண்டுகோள். இரண்டாவதாக, முகவரிப் பெயர்ப்பு என்னும் உபாயம் தட்டுப்பாட்டை மறைத்துவிட்டது. 1994ஆம் ஆண்டு விவரிக்கப்பெற்ற இம்முறையால் ஒரு நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளலாம். உள்ளிருந்து வெளியே பேசுதற்கு இது போதும். ஆயின், வெளியிலிருந்து உள்ளேயுள்ள ஓர் அளவைக் கருவியை நேரே அணுகுதல் இதனால் அரிதாகும். மூன்றாவதாக, எமது வலையமைப்பு வெளியுலகோடு தொடர்பற்ற மூடிய வலையமைப்பு. எமக்குக் காப்பு எதற்கு என்னும் எண்ணம். இம்மூன்றாவது காரணமே மிகத் தீங்கானது.

மூடிய கதவும் காவல் ஆகாமை

2010ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கண்டறியப்பட்ட ஸ்ரக்ஸ்நெற் என்னும் கணினிப் புழு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அது ஈரான் நாட்டின் நற்றான்ஸ் என்னுமிடத்து யுரேனியச் செறிவாக்க நிலையத்தைக் குறிவைத்து ஆக்கப்பட்டதென்பது ஆராய்ந்தோர் துணிபு. இணையத்தொடர்பு இல்லாத கணினிகளிலும் கையடக்க நினைவகக் குச்சிகள் வழியாக அது புகவல்லதாயிருந்தது. புகுந்தபின் அது நாடியது யாதெனில், பொறியியற் செய்நிரற் கருவியையே. சீமென்ஸ் நிறுவனத்தின் ஸ்ரெப் 7 என்னும் கருவி, கட்டுப்பாட்டுப் பொறியோடு பேசுதற்குப் பயன்படுத்தும் செய்நிரல் நூலகக் கோப்பை அகற்றி, அதனிடத்தே தன்னுடையதை வைத்தது. இதனாற் பொறியியலாளர் தம் திரையிற் காண்பது ஒன்றும், பொறியினுள் இருப்பது வேறொன்றுமாயிற்று. செய்தி உண்மையில் யாரிடமிருந்து வருகின்றது என்று கருவிகள் தம்முட் சோதித்தறியாமையின் விளைவு இது.

மற்றொன்று உக்ரேன் நாட்டில் நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டு திசெம்பர் 23ஆந் திகதி மின்வழங்கல் நிறுவனங்களின் கணினிகளுட் புகுந்தோர் ஆளிகளைத் தொலைவிலிருந்து திறந்தமையால் ஏறத்தாழ 225,000 பாவனையாளர் சில மணிநேரம் மின்னின்றித் தவித்தனர். மாரிகாலத்துக் கடுங்குளிரிலே இது நிகழ்ந்தது. பழைய தொடர்நிலை இணைப்புகளைப் புதிய வலையமைப்போடு பொருத்தும் மாற்றிகளின் உள்ளகச் செய்நிரலையும் அவர் சிதைத்தனர். அதனால் ஊழியர் உபமின்நிலையங்களுக்கு நேரிற் சென்று கையாலேயே ஆளிகளை மூடவேண்டியதாயிற்று. வலையமைப்பு ஆதரவு என்பது வெறும் வசதி பற்றிய வினாவன்று. மக்கள் வாழ்வைப் பற்றிய வினா என்பது இவற்றால் நன்கு விளங்கும்.

பரிகாரம்

வற்புறுத்துவோர் வற்புறுத்தின் மாற்றம் நிகழும் என்பதற்கும் சான்றுகள் உள. அப்பிள் நிறுவனம் தன் கடையில் இடம்பெற விரும்பும் செய்நிரல்கள் ஆறாம் பதிப்பு மாத்திரம் உள்ள வலையமைப்பிலும் இயங்குதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதியிலிருந்து விதித்தது. செய்நிரலாளர் தம் செய்நிரல்களைத் திருத்த வேண்டியவராயினர். ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் 2020ஆம் ஆண்டு நவம்பரில், தன் திணைக்களங்களின் வலையமைப்புக் கருவிகளுள் நூற்றுக்கு 80 பங்கேனும் 2025ஆம் நிதியாண்டின் முடிவுக்குள் ஆறாம் பதிப்பில் மாத்திரம் இயங்கவேண்டும் எனப் பணித்தது. கூகிள் நிறுவனத்தின் சேவைகளை ஆறாம் பதிப்பின் வழியாக அணுகுவோர் 2023ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 40 பங்கைத் தாண்டினர். வாங்குவோன் கேளாதவற்றை விற்போன் கொடான், கேட்பின் கொடுப்பான்.

ஆதலின், ஒரு கருவியைத் தெரிவுசெய்வோர் நான்கு வினாக்களைக் கேட்டல் நன்று. இருவகை முகவரிகளையும் அது ஏற்குமோ? மறுமொழிக்குக் காத்திராது வேறு பணி செய்ய விடுமோ? ரி.எல்.எஸ். நெறிமுறையின் 1.2 அல்லது 1.3 ஆம் பதிப்பைத் தன்னகத்தே உடையதோ? காப்புக்குறை ஒன்று வெளிப்படின் எத்துணை ஆண்டுகள்வரை திருத்தங்கள் வழங்கப்படும்? இந்நான்குக்கும் விடை பெறாது அழகிய வரைபடங்களை மாத்திரம் கண்டு வாங்குதல், அத்திவாரத்தைப் பாராது சுவரின் வர்ணத்தைப் பார்த்து வீடு வாங்குதல் போலாம்.

பழைய கருவியையே கையாள வேண்டிய நிலையில் உள்ளோர்க்கும் வழியுண்டு. செய்நிரலில் வலையமைப்போடு பேசும் பகுதியை ஏனைய பகுதிகளினின்றும் பிரித்துத் தனிக்கூறாக அமைத்தல் வேண்டும். அங்ஙனஞ் செய்யின் பின்னொரு காலத்தில் அக்கூறை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். முகவரிகளைச் செய்நிரலுள்ளே எண்ணாக எழுதி வைத்தலை ஒழித்துப் பெயர்களைக் கையாளுதல் வேண்டும். காப்பற்ற பழைய கருவிகளை நேரே வெளியுலகோடு இணைக்காது, மறைகுறியாக்கம் அறிந்த வாயிற் கணினியொன்றின் பின்னே வைத்தல் வேண்டும். இவை முடிவான பரிகாரங்கள் அல்லவெனினும், புதியது வருமளவும் இடைக்காலத்துக்குப் போதியனவாம்.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். நாளை பொறியியற் பீடங்களிற் புகவிருக்கும் நீங்கள் அங்கு ஏதோ ஒரு கருவியிலே பயிற்சி பெறுவீர்கள். அக்கருவியின் பொத்தான்களை மாத்திரம் கற்றுக்கொள்வோனுடைய அறிவு அக்கருவியோடு முதுமையடையும். முகவரி என்றால் யாது, காத்திருத்தல் ஏன் நேர்கின்றது, செய்தியை அனுப்பியவன் இவனே என்று எங்ஙனம் துணிவது என்னும் அடிப்படைகளைக் கற்போனோ, எக்கருவி வரினும் அதன் நிறைகுறைகளை எடைபோட்டறிவான். குறையுள்ளதைக் குறையென்று கூறும் துணிவும் பெறுவான். பழையனவற்றுள் நிலைக்கத்தக்கவற்றைப் பேணி, கழியத்தக்கவற்றைக் காலமறிந்து கழித்தல் மொழிக்கு மாத்திரமன்று, பொறியியலுக்கும் இலக்கணமாகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொக்கெற்றை ஆக்கியோர் தாம் காணாத காலத்துக்கும் ஒரு வாயிலைத் திறந்து வைத்தனர். அவ்வாயிலை அடைத்துவிடாது, எமக்குப் பின்வருவோர்க்கும் திறந்தே விட்டுச் செல்லுதல் எம் அனைவரது கடனாகும்.